இரும்பைத் தின்னும் உமி: அலுமினா டைல் எங்கே தாங்கும், எங்கே உடையும்

ஆரணி, களம்பூர் பக்கத்து அரிசி ஆலைகளில் வெல்டருக்கு ஓயாமல் வேலை வைக்கிற இடம் ஒன்று உண்டு. நெல்லின் தோலை உரிக்கும் ஷெல்லர் இயந்திரத்தில் பிரியும் உமியை ப்ளோயர் ஊதி, குழாய் வழியே கொட்டகைக்கோ பாய்லருக்கோ அனுப்புவார்கள். குழாய் நேராகப் போகும் வரை தொல்லை இல்லை. முதல் வளைவில், எல்போவின் வெளிப்பக்க முதுகில் ஊசி முனை அளவு ஓட்டை விழும். அதன் வழியே உமித்தூள் கசியத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் ஓட்டை விரல் நுழையும் அளவுக்கு வந்துவிடும். "எல்போ மறுபடியும் ஓட்டைண்ணா" என்று ஆள் வந்து நிற்பார். வெல்டர் தகடு வெட்டி மேலே பேட்ச் வைப்பார். அந்தப் பேட்ச்சும் அதே இடத்தில்தான் ஓட்டையாகும். பழைய ஆலைகளில் பேட்ச்சின் மேல் பேட்ச் ஏறி, உள்ளே முதல் தகடே இல்லாமல் போன எல்போக்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கையில் அள்ளினால் எடையே தெரியாத உமி, 5 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை எப்படித் தின்கிறது? காரணம் வயலில் இருக்கிறது. நெற்பயிர் தண்ணீரோடு சேர்த்து சிலிக்காவையும் உறிஞ்சுகிறது. அது உமியின் வெளித்தோலில் படிந்து நிற்கிறது. உமியைத் தடவினால் சொரசொரப்பது அதனால்தான். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் எடையில் 15 முதல் 20 சதவீதம் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்காதான். நாளுக்கு 50 டன் நெல் அரைக்கும் ஆலை என்று வைத்துக்கொண்டால், 10 டன் உமி அந்த வளைவைக் கடக்கிறது. அதற்குள் ஒன்றரை டன்னை ஒட்டிய சிலிக்கா இருக்கிறது. விநாடிக்கு 20, 25 மீட்டர் வேகத்தில் இவ்வளவு சிலிக்கா தினமும் ஒரே இடத்தில் உரசினால் இரும்பு என்ன செய்யும்?

ஒரு பொருள் இன்னொன்றைக் கீற வேண்டுமானால் அது கடினமாக இருக்க வேண்டும். கடினத்தன்மையை அளக்க விக்கர்ஸ் என்றொரு அளவு உண்டு. வைர முனையைக் குறிப்பிட்ட சுமையில் அழுத்தி, விழும் தடத்தின் அளவை வைத்துக் கணக்கிடுவார்கள். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகடு அதில் 120 முதல் 150 வரை வரும். உமியில் இருக்கும் சிலிக்கா கண்ணாடி வகையைச் சேர்ந்தது. கண்ணாடியின் கடினம் 500க்கு மேல். பாலாற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் சுமார் 1,100. தேய்மானத்துக்கென்றே வார்க்கும் ஹை-குரோம் வார்ப்பிரும்பு 600, 700 என்று நிற்கும். அலுமினா பீங்கான் தரத்தைப் பொறுத்து 1,100 முதல் 1,600 வரை போகும்.

இந்த எண்களுக்கு நடுவில் ஒரு வரம்பு இருக்கிறது. உரசும் துகள், உரசப்படும் பரப்பைவிட ஏறக்குறைய 20 சதவீதமாவது கடினமாக இருந்தால்தான் அதை ஆழமாக உழ முடியும். அந்த வித்தியாசம் இல்லையென்றால் துகள்தான் மழுங்கும், பரப்பில் தேய்மானம் திடீரென்று சரியும். 150 கடினமுள்ள இரும்பை 300 ஆக்கினாலும் மணலுக்கு அது இளகிய பொருள்தான். அதனால் "நல்ல இரும்பாகப் போட்டேன், அப்படியும் தேய்ந்துவிட்டது" என்பது பல ஆலைகளில் கேட்கும் புலம்பல். மணலின் கடினத்தையே எட்டிப் பிடிக்கிற பொருளைப் போட்டால் கதை மாறுகிறது. அலுமினாவின் மதிப்பு இந்த இடத்தில்தான். அதை டைலாக்கி, குழாயின் உள்சுவரில் வரிசையாக ஒட்டிப் பதிப்பார்கள்.

அலுமினா என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடு. இரண்டு அலுமினிய அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு. இயற்கையில் இது குருந்தக்கல். கொஞ்சம் குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். பட்டறையில் கத்தி தீட்டும் சாணை சக்கரத்தில் இருக்கும் பழுப்பு நிற மணிகளும் பெரும்பாலும் அலுமினாதான். அறுக்கவும் அதே பொருள், அறுபடாமல் நிற்கவும் அதே பொருள். உருகுநிலை 2,050 டிகிரி செல்சியஸ் அளவில். துருப்பிடிக்காது, மின்சாரம் கடத்தாது. சாதாரண அமிலங்கள் ஒன்றும் செய்யாது. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் சூடான செறிந்த காரமும் மட்டும் இதற்கு ஆகாது. எடையோ இரும்பில் பாதிக்கும் குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.8 கிராம் என்றால் 92 சதவீத அலுமினா 3.6 கிராம்தான்.

மூலப்பொருள் பாக்சைட் என்ற செம்மண் நிறக் கல். நம் பக்கத்தில் சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டிய பாக்சைட்தான் ஒரு காலத்தில் மேட்டூரில் அலுமினியமானது. பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்து, இரும்பையும் மண்ணையும் சிவப்புச் சேறாகப் பிரித்து எடுத்துவிட்டு, தூய அலுமினாவைப் படிய வைப்பார்கள். 1880களின் இறுதியில் கார்ல் பேயர் கண்ட முறை இது. இன்றும் உலகம் பெரும்பாலும் இதையே நம்பியிருக்கிறது. கிடைக்கும் வெள்ளைத் தூளைச் சுட்டு, மிக நுண்ணியதாக அரைத்து, பசைப்பொருள் சேர்த்துத் தெளித்து உலர்த்தி, அச்சில் அழுத்தினால் டைல் உருவாகும். அந்த நிலையில் அதைக் கையால் ஒடித்துவிடலாம். அப்புறம் 1,500 முதல் 1,700 டிகிரி வரை சூளையில் சுடுவார்கள். சுடும்போது ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். எல்லா டைலும் ஒரே அளவில் சுருங்க வேண்டும். சூளையைத் தெரிந்தவர்கள் இதைத்தான் கஷ்டமான வேலை என்பார்கள்.

பழைய வட ஆற்காட்டுக்குச் சூளை புதிதல்ல. காட்பாடி பக்கத்துக் கரிகிரியின் மெருகு பூசிய மண்பாண்டங்கள் பெயர் பெற்றவை. ராணிப்பேட்டையில் 1906இல் பாரி நிறுவனம் சூப்பர் பாஸ்பேட் உரத் தொழிற்சாலை வைத்தது. பின்னால் அதே ஊரில் கழிப்பறைப் பீங்கான் உற்பத்தி வந்தது. சிப்காட் வந்தபின் உலைகளுக்குள் வைக்கும் சூடு தாங்கும் கற்களும் அங்கே செய்யப்பட்டன. கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் ராணிப்பேட்டையில் செய்வது அந்த வகை. தேய்மானம் தாங்கும் அலுமினா டைல்களை அது ஓசூரில் செய்கிறது. இரண்டும் பீங்கான்தான், ஆனால் குணம் வேறு. உலைக்கல்லில் நுண்துளைகள் இருந்தால்தான் சூட்டு அதிர்ச்சியைத் தாங்கும். தேய்மான டைலில் துளை இருக்கவே கூடாது. துளையின் விளிம்பிலிருந்துதான் மணி மணியாகப் பெயரத் தொடங்கும். "இதுவும் அலுமினா, அதுவும் அலுமினா" என்று உலைக்கல்லைச் சாம்பல் குழாயில் பதித்தால் வீண்தான்.

சந்தையில் டைலை 92, 95, 99 என்று சதவீதம் சொல்லி விற்பார்கள். மீதி என்ன? சிலிக்கா, கால்சியம் ஆக்சைடு, மக்னீசியம் ஆக்சைடு. இவை சூளையில் உருகிக் கண்ணாடியாகி, அலுமினா மணிகளை ஒட்டிப் பிடிக்கும். கண்ணாடி அதிகமாக இருந்தால் குறைந்த வெப்பத்தில் சுடலாம், விலை இறங்கும். ஆனால் மணியைவிடக் கண்ணாடி இளகியது, உரசலில் முதலில் போவது அதுதான். அப்படியானால் 99தான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மணியின் அளவும் முக்கியம். சில மைக்ரான் அளவில் நெருக்கமாக நிற்கும் மணிகள் ஒவ்வொன்றாகப் பெயர்வது கடினம். அதிகம் சுட்டு மணி பெரிதாக வளர்ந்துவிட்டால், 99 சதவீத டைல்கூட முழு மணியாக உதிரும். நன்றாகச் சுட்ட நுண்மணி 92, மோசமாகச் சுட்ட 99ஐத் தோற்கடிக்கும். உமி, சாம்பல், மணல் வேலைகளுக்கு நல்ல 92 தாராளமாகப் போதும் என்பதே என் முடிவு. 99க்குக் கொடுக்கும் கூடுதல் காசைத் தடிமனுக்கோ ஒழுங்கான பதிப்புக்கோ கொடுக்கலாம்.

மணி வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது ஒரு கிளைக்கதை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள், அலுமினாவில் மிகச் சிறிதளவு மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்தால் மணி தாறுமாறாக வளர்வது நின்று, துளைகள் கிட்டத்தட்ட முழுமையாக மூடிக்கொள்வதைக் கண்டார். துளையே இல்லாத அந்த அலுமினா வழியே ஒளி ஊடுருவியது. நெடுஞ்சாலைகளில் பல காலம் எரிந்த மஞ்சள் சோடியம் விளக்குகளின் உள்குழாய் அதுதான். அந்தச் சிட்டிகை மக்னீசியம் ஆக்சைடு இன்றைய தேய்மான டைலிலும் இருக்கிறது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். அலுமினா கடினமானது. ஆனால் முறியும் குணம் கொண்டது. இரண்டும் ஒரே உடலில் இருப்பதை மறந்து வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அழுத்தினால் அது 2,000 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும், பல எஃகு வகைகளால் முடியாத அளவு. வளைத்தால் 300 அளவில் போய்விடும். விரிசல் விழுந்தால் அது பரவாமல் தடுக்கும் திறனை எடுத்தால், சாதாரண எஃகுக்கு 50க்கு மேல் இருக்கும் எண் அலுமினாவுக்கு 3, 4 என்றுதான் வரும். இரும்பு அடி வாங்கினால் குழி விழும், ஆனால் இடத்தில் நிற்கும். அலுமினா அடி வாங்கினால் சில்லாகும்.

துகள் எந்தக் கோணத்தில் வந்து மோதுகிறது என்பதில்தான் இந்தக் குணம் வெளிப்படும். இரும்பு போன்ற இளகும் உலோகத்தை 20, 30 டிகிரி சாய்வில் வந்து உரசும் துகள்தான் அதிகம் தின்னும், உழுது கொண்டே போகும். நேருக்கு நேர் 90 டிகிரியில் மோதினால் உலோகம் நசுங்கித் தாங்கிக்கொள்ளும், இழப்பு குறைவு. அலுமினாவுக்கு இது தலைகீழ். சாய்ந்து உரசினால் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது. நேருக்கு நேர் மோதும்போதுதான் மேற்பரப்பில் நுண்விரிசல் விழுந்து சில்லு சில்லாகப் பெயரும். ஆகவே டைல் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை சதவீதம் என்பதல்ல. துகள் எந்தக் கோணத்தில் வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது, எவ்வளவு பெரியது? இந்த மூன்றும் தெரியாமல் வாங்கும் டைல் அதிர்ஷ்டத்தை நம்பி வாங்குவது.

வேகத்தின் பங்கு பலரும் நினைப்பதைவிடப் பெரியது. தேய்மானம் வேகத்தின் இரண்டு முதல் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் தேய்மானம் இரட்டிக்காது, நான்கு முதல் எட்டு மடங்கு ஆகும். விநாடிக்கு 25 மீட்டரில் ஓடும் உமியை 20க்கு இறக்கினாலே தேய்மானம் மூன்றில் ஒரு பங்கு முதல் ஏறக்குறைய பாதி வரை குறையும். உமி குழாயில் படியாமல் ஓடத் தேவையான வேகத்துக்கு மேல் ப்ளோயரை ஓட்டுவது கரண்ட் செலவும் எல்போ செலவும் சேர்ந்த இரட்டை நஷ்டம். பல இடங்களில் டைல் வாங்குமுன் ப்ளோயரின் புல்லியை மாற்றி வேகத்தைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இதை டைல் விற்பவர் சொல்ல மாட்டார்.

வளைவுக்கும் இப்படித்தான். குட்டையான எல்போவில் துகள் நேராகப் போய் எதிர்ச் சுவரில் பட்டென்று மோதும். நீண்ட வளைவாக வைத்தால் 20, 30 டிகிரியில் உரசிக்கொண்டு திரும்பும். இரும்புக்கு அந்தச் சாய்வு மோசமான கோணம், அலுமினாவுக்கு அதுவே சொந்த வீடு. எனவே டைல் பதிப்பதாக இருந்தால் வளைவை நீட்ட வேண்டும். நீட்ட இடம் இல்லையா? எல்போவுக்குப் பதில் ஒரு முனை அடைத்த டீ (T வடிவக் குழாய் இணைப்பு) வைக்கலாம். அடைத்த முனையில் உமியோ சாம்பலோ தானே நிரம்பி நிற்கும், வருகிற துகள் தன் இனத்தின் மேலேயே மோதும். காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் தேய்வதற்கு அங்கே இரும்பே இல்லை. பதிப்புக்குக் காசு இல்லாத சின்ன ஆலைக்கு இது நல்ல வழி.

அலுமினா எங்கே கூடாது என்பதற்கு எம்-சாண்ட் தயாரிக்கும் கிரஷர்கள் நல்ல உதாரணம். ஜா கிரஷரின் தாடையில் மனிதன் தூக்க முடியாத கருங்கல் விழுந்து நசுங்குகிறது. அங்கே மாங்கனீஸ் எஃகுதான் தாடை. ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882இல் கண்டுபிடித்த அந்த எஃகில் பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டி மாங்கனீஸ் இருக்கும். அடிக்க அடிக்க மேற்பரப்பு கடினமாகும், உள்ளே இளகியே இருக்கும். அந்த இடத்தில் அலுமினா வைத்தால் முதல் லோடிலேயே தூளாகிவிடும். அதே கிரஷரில் கல் பொடியாகி, சல்லடை தாண்டி, மணலாகச் சரிந்து இறங்கும் தகட்டைப் பாருங்கள். அங்கே அடி இல்லை, உரசல் மட்டும். ஒரே வளாகத்தில் ஐம்பது அடி தூரத்தில் விடை மாறுகிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. ஜல்லி கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்து, பிறகு சரியும் ஹாப்பர்கள். அங்கே ரப்பரில் பதித்த அலுமினா நன்றாக வேலை செய்யும். சிறு கட்டங்களையோ உருளைகளையோ ரப்பர் பாயில் வல்கனைஸ் செய்து பதித்திருப்பார்கள். ரப்பர் அடியை வாங்கிக்கொள்ளும், அலுமினா உரசலை வாங்கிக்கொள்ளும். சூடு 70, 80 டிகிரியைத் தாண்டும் இடத்துக்கு மட்டும் இதைக் கொண்டுபோகக் கூடாது.

அனல்மின் நிலையங்கள்தான் நாட்டில் இந்த டைலைப் பெருமளவில் வாங்குபவை. இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை, அதிலும் குவார்ட்ஸ் மணிகள் அதிகம். வெளிநாட்டு நிலக்கரியை மனதில் வைத்து வரைந்த குழாய்கள் இங்கே தாக்குப்பிடிக்காததில் வியப்பில்லை. அரைத்த கரியை பாய்லருக்கு ஊதும் குழாய்களின் வளைவுகள், சாம்பலைத் தண்ணீரோடு குளத்துக்கு அனுப்பும் குழாய்கள், புகையை இழுக்கும் பெரிய ஃபேன்கள் எல்லாவற்றிலும் அலுமினா இருக்கிறது. ராணிப்பேட்டை பெல் ஆலை செய்வது பாய்லரின் இந்தத் துணைக் கருவிகளைத்தான். ஃபேன்கள், புகையிலிருந்து சாம்பலை மின்புலத்தால் பிரிக்கும் கருவிகள், காற்றைச் சூடாக்கும் கருவிகள் எல்லாம் அங்கிருந்து போகின்றன. சாம்பல் பிரிக்கும் கருவி சரியாக வேலை செய்யாவிட்டால் அதன் பின்னால் நிற்கும் ஃபேன் இறக்கையைச் சாம்பல் அறுக்கும். தேய்மானம் என்பது ஒரு கருவியின் நோய் அல்ல, முன்னால் நிற்கும் கருவியின் குறை பின்னால் இருப்பதில் தெரியும். ஃபேன் இறக்கையில் பதிக்கும்போது அலுமினாவின் குறைந்த எடை பெரிய வரம். ஆனால் எல்லா இறக்கையிலும் ஒரே எடை பதிய வேண்டும். இல்லையென்றால் பேரிங் தாங்காது.

டைல் நன்றாக இருந்தும் லைனிங் (டைல் பதித்த உள்சுவர்) தோற்பதற்கு முக்கியக் காரணம் பதிப்புதான். துருவும் எண்ணெயும் இருக்கும் தகட்டில் எபாக்சி பசை பிடிக்காது. வெள்ளை இரும்பு தெரியும்வரை கிரிட் என்ற கூரிய மணிகளைக் காற்றில் அடிக்க வேண்டும், அடித்த அன்றைக்கே டைல் ஒட்ட வேண்டும். இதற்குச் சிலர் ஆற்று மணலையே காற்றில் அடிக்கிறார்கள். மணல் தூள் நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும், அதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. இரும்பு கிரிட்டோ அலுமினா கிரிட்டோ விலை கூடுதல்தான். அடிப்பவர் மனிதர் என்பதை நினைத்தாவது அதை வாங்க வேண்டும், சரியான முகக்கவசமும் தர வேண்டும்.

டைல்களின் இணைப்புக்கோடு ஓட்டத்தின் திசையிலேயே நீளமாகப் போகக் கூடாது. செங்கல் சுவரில் போடுவதுபோல் வரிசைக்கு வரிசை தள்ளி வைக்க வேண்டும். நேர்க்கோட்டு இடைவெளி கிடைத்தால் துகள் அதையே வாய்க்காலாக்கி, பசையைத் தின்று, தகட்டைத் தொட்டுவிடும். சூட்டையும் பார்க்க வேண்டும். 100 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் இரும்பு 1.2 மில்லிமீட்டர் நீளும், அலுமினா 0.8ஐத் தாண்டாது. இந்த வித்தியாசத்தை இடைவெளியும் பசையும்தான் விழுங்க வேண்டும். அதனால்தான் பெரிய டைலைவிடச் சின்ன டைல்கள் நிலைக்கும். சாதாரண எபாக்சி 120 டிகிரிக்கு மேல் இளகிவிடும். புகைக் குழாய் அதைவிடச் சூடு. அங்கே நடுவில் ஓட்டையுள்ள டைலை வைத்து, அந்த ஓட்டை வழியே தகட்டோடு வெல்ட் செய்து, மேலே அலுமினா மூடி வைப்பார்கள்.

பதித்து முடித்து பசை இறுகியதும் ஒரு பரிசோதனை செய்யலாம், கருவி எதுவும் வேண்டாம். சின்ன சுத்தியின் பின்முனையால் ஒவ்வொரு டைலையும் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். முழுதும் ஒட்டிய டைல் கெட்டியாக ஒலிக்கும். அடியில் பசை பரவாத இடம் இருந்தால் காலிக் குடத்தைத் தட்டியது போல் சத்தம் மாறும். அந்த டைலில் சாக்பீஸால் கோடு போட்டு, பெயர்த்து, மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் முணுமுணுப்பார். பரவாயில்லை. ஒரு டைல் விழுந்தால் அந்தக் குழியின் விளிம்பில் ஓட்டம் சுழலும், அடுத்த டைலின் அடியைப் பக்கவாட்டில் அறுக்கும், அது விழும், அப்புறம் வரிசையே போகும். விழுந்த டைல் ஃபேனுக்குள் போனால் செலவு இன்னும் பெரிது.

வாங்கும்போது செய்யும் சோதனைகளும் எளிமையானவை. 150க்கு 100க்கு 12 மில்லிமீட்டர் டைல் என்றால் கன அளவு 180 கன சென்டிமீட்டர். 3.6 அடர்த்தியில் அது 648 கிராம் இருக்க வேண்டும். தராசில் 610 காட்டினால் அடர்த்தி 3.4ஐத் தாண்டவில்லை என்று பொருள். ஒன்று உள்ளே துளை இருக்கிறது, இல்லையென்றால் சதவீதம் பொய். அடுத்து, ஒரு டைலை உடைத்து, உடைந்த முகத்தில் பேனா மசியை ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். நன்றாகச் சுட்டது என்றால் கறை பெரும்பாலும் போய்விடும். மசி உள்ளே இறங்கிக் கறையாகப் பரவினால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புவது நல்லது. ஆய்வக அறிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. அறிக்கை ஒரு மாதிரிக்கு வரும், லாரியில் வருவது வேறாக இருக்கலாம்.

கழிப்பறைப் பீங்கான் தொழிலில் அலுமினாவின் பயன் வேறு விதமானது. மெருகுக் கலவையைப் பால் மில் என்ற சுழலும் உருளையில் மணிக்கணக்கில் அரைப்பார்கள். இரும்பு உருளையில் இரும்புக் குண்டு போட்டு அரைத்தால் வேகமாக அரைபடும். ஆனால் தேய்ந்த இரும்புத் துகள் கலவையில் கலந்து, சூளையிலிருந்து வரும் வெள்ளைப் பீங்கானில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். அந்தப் பீங்கானை யார் வாங்குவார்கள்? முன்பு கூழாங்கற்களைக் குண்டாகப் போட்டார்கள், உள்சுவருக்கும் கல்தான். அலுமினா குண்டு வந்தபின் இரண்டு லாபம். கூழாங்கல்லின் அடர்த்தி 2.6, அலுமினா குண்டு 3.6. கனமான குண்டு சீக்கிரம் அரைக்கும். தேய்ந்து கலப்பதும் வெள்ளை அலுமினா என்பதால் நிறம் கெடாது. எவ்வளவு காலம் உழைக்கிறது என்பதைவிட, தேயும்போது எதைக் கலக்கிறது என்பது இங்கே பெரிய கேள்வி.

நூற்பாலைகளில் நூல் ஓடும் வழியில் வைக்கும் சிறு வளையங்களும் அலுமினா. பார்க்க மென்மையான நூல், வேகமாக ஓடினால் எஃகில் பள்ளம் அறுத்துவிடும். பள்ளத்தில் நூல் சிக்கி அறுபடும். வீட்டில் கால் சுற்றுத் திருகில் திறக்கும் நவீன குழாய்களுக்குள் இரண்டு மெல்லிய அலுமினா வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டிருக்கின்றன. வாஷர் மாற்றும் வேலையை அவைதான் ஒழித்தன.

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்காக வேலூர் வருபவர்களில் சிலரின் உடலிலும் இதே குடும்பத்துப் பொருள்தான் குடியேறுகிறது. 1970இல் பிரான்சில் பியர் பூத்தான் அலுமினாவால் ஆன மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். தேய்ந்த துகள் குறைவு என்பதால் சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்படுவது குறைந்தது. ஆனால் தொடக்க கால அலுமினா மூட்டுகளில் சில உடைந்தன. அங்கும் கடினம் போதுமானதாக இருந்தது, விரிசலைத் தடுக்கும் திறன்தான் போதவில்லை. 1970களிலேயே ஜெர்மனியில் அலுமினாவுக்குள் சிர்கோனியா துகள்களைக் கலந்து பார்த்தார்கள். விரிசல் நெருங்கும்போது சிர்கோனியா மணி உருமாறிக் கொஞ்சம் பருக்கும், விரிசலின் வாயை நெருக்கிப் பிடிக்கும். விரிசலை எதிர்க்கும் எண் 3, 4லிருந்து 6ஐ ஒட்டி ஏறும். இன்றைய பீங்கான் மூட்டுகளில் பெரும்பாலானவை இந்தக் கலவைதான். அடியும் உரசலும் சேர்ந்து வரும் ஆலைகளுக்கும் இதே கலவை டைலாகக் கிடைக்கிறது. விலை பல மடங்கு என்பதால் எல்லா இடத்துக்கும் கட்டுப்படியாகாது.

கடைசியாக, சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோனோபிளாக் பம்பு. ஷாஃப்ட் பக்கம் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீலைப் பிரித்தால் ஒரு கறுப்பு வளையமும் ஒரு வெள்ளை வளையமும் இருக்கும். கறுப்பு கார்பன், வெள்ளை பெரும்பாலும் அலுமினா. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் அவற்றைக் குளிர்விக்கிறது. சம்ப் காலியாகி மோட்டார் வறண்டு ஓடினால் வளையம் சூடேறும். அந்த நேரத்தில் லாரித் தண்ணீர் வந்து, உடனே பம்பை நிரப்பி ஓட்டினால் சூடான வளையத்தில் குளிர்ந்த நீர் படும். அலுமினா திடீரென்று 200 டிகிரி அளவு வெப்ப இறக்கத்தைத் தாங்காது, வெள்ளை வளையம் இரண்டாகப் பிளக்கும். வறண்டு ஓடிய பம்பை நிறுத்தி, பம்பின் உடம்பு கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் அடிக்கடி நின்றுபோகும் வீடுகளுக்குச் சிலிக்கான் கார்பைடு வளையம் உள்ள சீல் கேட்டு வாங்கலாம். அது சூட்டை வேகமாகக் கடத்திவிடும்.